டெங்கு விடுதியில் கண்களை ஆராய்வது எப்படி? திருகோணமலை வைத்தியசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

டெங்குக் காய்ச்சலோடு விடுதியில் அனுமதிக்கப்பட்டவரிடம் கேள்விகள் ஓயாமல் வரும். எவ்வளவு நீராகாரம் குடித்தீர்கள், எவ்வளவு சிறுநீர் போனது, வயிறு நோகிறதா, தலை சுற்றுகிறதா? பார்வை எப்படி இருக்கிறது என்ற கேள்வி அந்த வரிசையில் பெரும்பாலும் வருவதில்லை. இதில் விடுதி வைத்தியர்களையோ தாதியரையோ குறைசொல்ல இடமில்லை. குருதிநாளங்களிலிருந்து திரவம் கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் உயிரைக் காப்பதே முதல் வேலை. அதைக் கடந்து, குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை ஏறி, துண்டு வெட்டி வீட்டுக்குப் போன பிறகுதான் சிலர் கவனிக்கிறார்கள்: ஒரு கண்ணால் பார்த்தால் எதிரிலிருப்பவரின் முகத்தின் நடுப்பகுதி மங்கலாகத் தெரிகிறது.

நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை பேருக்கு நேர்கிறது, எந்த நாளில் நேர்கிறது, எத்தனை பேருக்குத் தானாகச் சரியாகிறது? இவற்றுக்கு விடை காண்பதற்குக் கோடிக்கணக்கான ரூபா தேவையில்லை. ஒரு பொது வைத்திய நிபுணர், ஒரு கண் வைத்திய நிபுணர், அக்கறையுள்ள இரண்டு மூன்று இளம் வைத்தியர்கள் அல்லது மருத்துவ மாணவர்கள், ஒத்துழைக்கும் விடுதித் தாதியர் இருந்தால் போதும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முழுக்க மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய ஆய்வின் தலைவிதியை விலை உயர்ந்த கருவி தீர்மானிப்பதில்லை. காய்ச்சலின் எத்தனையாவது நாளில் கண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வைரசுகளுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பல வேளைகளில் கூர்ந்து கவனித்த ஒரு வைத்தியரால்தான் வெளிப்பட்டிருக்கிறது. 1941இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர், பிறவிக் கண்புரையுடன் வந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கர்ப்ப காலத்தைப் பற்றிக் கேட்டார். அவர் திரட்டிய 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. இன்று நாம் போடும் ருபெல்லா தடுப்பூசியின் பின்னணியில் அந்தக் கேள்வியும் இருக்கிறது. 2014இல் எபோலாவிலிருந்து மீண்ட ஓர் அமெரிக்க வைத்தியரின் குருதியில் வைரசு இல்லாமற்போன பிறகும் அவருடைய கண்ணின் உள்நீரில் அது உயிரோடு இருந்தது. சின்னமுத்து, விற்றமின் ஏ குறைபாடுள்ள பிள்ளைகளின் பார்வையைப் பறிக்கக்கூடியது. சிக்குன்குனியா கண்ணின் நடுப்படலத்தில் அழற்சியை உண்டாக்குகிறது.

டெங்கு விடயத்தில் இரண்டு வகைப் பாதிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவந்த திட்டாகத் தெரியும் இரத்தக் கசிவு அடிக்கடி காணப்படுவது. பார்ப்பவரைப் பயமுறுத்தினாலும் பார்வைக்குத் தீங்கு செய்யாமல் மறைந்துவிடும். மற்றது விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளியைத் தாக்குவது. வெளியிலிருந்து பார்த்தால் கண் தெளிவாகவே இருக்கும். நோயாளிக்கு மட்டும் நடுப்பார்வை மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும், அல்லது ஒரு நிழற்புள்ளி கண்ணோடு நகரும். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரமளவில், சிறுதட்டுகள் மிகவும் தாழ்ந்திருக்கும் நாளை ஒட்டியே இது தொடங்குகிறது. பலருக்குச் சிகிச்சையின்றியே தேறுகிறது. சிலருக்கு நிழற்புள்ளி மாதக்கணக்கில் நீடிக்கிறது.

சிங்கப்பூர் அனுபவத்தையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே 2005இல் டெங்கு முதலாம் வகை வைரசு பரவியபோது, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 வீதமானோரிடம் மஞ்சட்புள்ளிப் பாதிப்பு காணப்பட்டது. 2007இல் இரண்டாம் வகை மேலோங்கியபோது அதே கேள்வியோடு தேடியவர்களுக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதே ஊர், இரண்டே ஆண்டு இடைவெளி. இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017இல், அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியா உயிர்களைப் பறிகொடுத்தது. அப்போது நாட்டில் மேலோங்கியிருந்ததும் இரண்டாம் வகையே. ஆகவே ஒரு பருவத்தில் நீங்கள் காணும் வீதம் அந்தப் பருவத்துக்கே உரியது. நோயாளிகளின் குருதி மாதிரிகளில் ஒரு பகுதியையாவது கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி வைரசு வகையை அறிய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

முதற்படி: ஒரே கேள்வி

"டெங்கு நோயாளிகளின் கண் நலம்" என்பது தலைப்பு, அது கேள்வியாகாது. கேள்வியில் யார், எப்போது, எது என்ற மூன்றும் இருக்க வேண்டும். உதாரணமாக: "திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும், ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட டெங்கு நோயாளிகளில், வயது 12க்கு மேற்பட்டோரில், காய்ச்சல் தொடங்கி 14 நாட்களுக்குள் எத்தனை வீதமானோருக்கு மஞ்சட்புள்ளிப் பாதிப்பு ஏற்படுகிறது?"

இரண்டாவதாக ஒரு துணைக்கேள்வி வைத்துக்கொள்ளலாம். சிறுதட்டுகளின் எண்ணிக்கையோடு தொடர்பு உண்டா என்பது போல. ஐந்தாறு துணைக்கேள்விகளை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆய்வுப் படிவம் எட்டுப் பக்கமானால் இரவுப்பணியில் உள்ள வைத்தியர் அதை நிரப்பமாட்டார். நிரப்பாத படிவம் ஆய்வையே கொன்றுவிடும்.

இரண்டாம்படி: யாரை, எத்தனை பேரை?

காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில், குருதியில் வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ். 1 பரிசோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். எதிருடற் பரிசோதனையும் டெங்குவை உறுதிசெய்ய உதவும். "டெங்குவாக இருக்கலாம்" என்று சேர்க்கப்பட்டவர்களை உறுதியானவர்களோடு கலக்காதீர்கள். வேண்டுமானால் தனிப்பட்டியலாக வைத்திருங்கள்.

பெரும் தவறு நுழையும் வாசல் இதுதான்: கண் குறைபாடு சொன்னவர்களை மட்டும் கண் பிரிவுக்கு அனுப்பி, அவர்களை வைத்து வீதம் கணிப்பது. குறைபாடு உள்ளவர்களில் பாதிப்பு அதிகமாக இருப்பது இயல்பே. அந்த வீதத்தை எல்லா டெங்கு நோயாளிகளுக்கும் பொருத்தினால் ஊரையே வீணாகப் பயமுறுத்துவோம். மறுபக்கம், குறைபாட்டைச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண் மங்கினாலும் மறு கண்ணால் சமாளித்துக்கொண்டு, "காய்ச்சல் அசதி" என்று விட்டுவிடுவார்கள். எனவே குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுதியுள்ள ஒவ்வொருவரையும் வரிசையாகச் சேர்க்க வேண்டும். மறுத்தவர்கள், தவறவிடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஒரு கொப்பியில் பதியுங்கள்.

முன்பே கண் பாதிப்பு உள்ளவர்களை என்ன செய்வது? சீனி வருத்தமும் பிரஷரும் விழித்திரையில் இரத்தக் கசிவை உண்டாக்கும், டெங்குவும் உண்டாக்கும். பத்து ஆண்டுகளாகச் சீனி வருத்தம் உள்ள ஐம்பது வயதுக்காரரின் விழித்திரைத் திட்டை டெங்குவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவரை ஆய்விலிருந்து ஒதுக்கவும் வேண்டாம். நோய் வரலாற்றைப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே கேட்டுப் பதியுங்கள். பகுப்பாய்வில் இரு குழுக்களாகப் பிரித்துக் காட்டலாம்.

எண்ணிக்கைக்கு வருவோம். எதிர்பார்க்கும் வீதம் 10, அதைக் கூடுதல் குறைவாக 5 புள்ளிகளுக்குள் அறிய வேண்டும் என்றால், கணக்கு இது: 1.96இன் வர்க்கத்தை 0.10 ஆலும் 0.90 ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 138.3 வரும். அதாவது 139 பேர். 15 வீதமானோர் மறுபரிசோதனைக்கு வராமற்போவார்கள் என வைத்தால் 164 பேர். துல்லியத்தை 3 புள்ளிகளாக இறுக்கினால் 385 பேர் தேவை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை எத்தனை பேரை உண்மையில் சேர்க்க முடியும் என்பதைக் கடந்த ஆண்டுகளின் விடுதிப் பதிவேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஆசையை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

மூன்றாம்படி: ஒப்பிடுவதற்கு ஆள் வேண்டும்

லைபீரியாவில் எபோலாவிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்றில், அவர்களில் ஏறத்தாழ 26 வீதமானோருக்குக் கண்ணின் நடுப்படல அழற்சி இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் 26 வீதமும் எபோலாவின் வேலை என்றே எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அவர்களோடு நெருங்கிப் பழகிய, எபோலா தொற்றாதவர்களின் கண்களையும் பார்த்தார்கள். அங்கேயும் ஏறத்தாழ 12 வீதமானோருக்கு அதே அழற்சி இருந்தது. எபோலாவின் பங்கு மறையவில்லை. ஆனால் அதன் சரியான அளவு அப்போதுதான் தெரிந்தது.

நம் விடுதியில் இதற்கு வசதியான வழி உண்டு. அதே காலத்தில் வேறு காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்டு, டெங்கு இல்லை என உறுதியானவர்களை, அதே படிவத்தோடு, அதே நாட்கணக்கில் பாருங்கள். எலிக்காய்ச்சலும் கண்ணைச் சிவக்க வைக்கும், நடுப்படலத்தையும் தாக்கும் என்பதால் அந்த நோயாளிகளைத் தனியாகக் குறியுங்கள்.

நான்காம்படி: அனுமதியும் சம்மதமும்

முதல் நோயாளியின் கண்ணில் டோர்ச் வெளிச்சம் படுமுன் நெறியியல் மீளாய்வுக் குழுவின் எழுத்துமூல அனுமதி கையில் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கியப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. குழு திருத்தங்கள் கேட்கும். அதற்குச் சில மாதங்கள் ஒதுக்குங்கள். பருவமழையோடு ஆய்வைத் தொடங்க வேண்டுமானால் ஆண்டின் முற்பகுதியிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியும், அந்தந்த விடுதிக்குப் பொறுப்பான நிபுணரின் சம்மதமும் தனித்தனியே தேவை.

பாதிப்புக் கண்டவர்களுக்கு ஸ்டீரொயிட் கொடுத்துப் பார்ப்போமே என்ற ஆசை நடுவில் எழக்கூடும். கடுமையான பாதிப்புக்கு வைத்தியர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சாராருக்குக் கொடுத்து, மறுசாராருக்குக் கொடுக்காமல் ஒப்பிடத் தொடங்கும் கணமே அது வேறு வகை ஆய்வாகிவிடும். அதற்குப் புதிய நெறியியல் அனுமதியும் மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவும் வேண்டும். அவதானிப்பு ஆய்வை அவதானிப்பாகவே நடத்துங்கள். சிகிச்சை கண் வைத்திய நிபுணரின் முடிவு.

சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கிண்ணியா, மூதூரிலிருந்து வருபவர்கள் தமிழ் பேசுவார்கள். கந்தளாய், சேருவில பக்கத்தவர்களில் பலர் சிங்களம் பேசுவார்கள். மொழிபெயர்த்த படிவத்தை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பி எழுதச்சொன்னால் பிசகுகள் தெரியவரும். அலுவலகக் கடிதத் தமிழில் எழுதாதீர்கள். "உங்கள் கண்ணை மூன்று தடவை பார்ப்போம். சொட்டுமருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும். நீங்கள் மறுத்தாலும் உங்களுக்கான சிகிச்சையில் எந்தக் குறையும் வராது" என்று எழுதினால் தம்பலகாமத்து விவசாயிக்கும் புரியும்.

காய்ச்சலால் சோர்ந்து, ஊசி ஏற்றிய கையோடு படுத்திருப்பவர் வெள்ளை அங்கியைக் கண்டதும் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதைச் சம்மதமாகக் கொள்ள எனக்கு மனம் வராது. காலையில் விளக்கிவிட்டு, உறவினர் பார்க்க வரும் நேரம் கழித்துக் கையொப்பம் வாங்குங்கள். அதிர்ச்சி நிலையில் உள்ளவரிடம் கேட்கவே வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இணக்கமும் வேண்டும். பெண் நோயாளிகளை இருட்டறையில் பரிசோதிக்கும்போது பெண் தாதியோ உறவுப் பெண்ணோ உடனிருக்கட்டும். நோன்பு காலத்தில் கண்ணில் சொட்டுமருந்து விடலாமா என்று கேட்பார்கள். அவசரப்படுத்தாமல், நோன்பு துறந்த பிறகு பார்க்கும் ஏற்பாட்டையும் வைத்திருங்கள்.

ஐந்தாம்படி: காய்ச்சலின் நாட்கணக்கு

"அனுமதிக்கப்பட்ட இரண்டாம் நாள் கண் பரிசோதிக்கப்பட்டது" என்ற வாக்கியத்துக்கு இந்த ஆய்வில் பொருளே இல்லை. ஒருவர் காய்ச்சலின் இரண்டாம் நாளில் வருவார். இன்னொருவர் பரசிற்றமோலோடு வீட்டில் கிடந்து ஐந்தாம் நாளில் வருவார். இருவரின் "இரண்டாம் நாள்" வெவ்வேறு நோய்க்கட்டங்கள். எனவே ஒவ்வொரு பதிவும் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். தொடங்கிய நாளையே முதல் நாளாகக் கொள்வதா, அடுத்த நாளையா என்பதை ஆய்வுத் திட்டத்தில் எழுதி, எல்லோரும் அதையே பின்பற்றுங்கள்.

நான் பரிந்துரைக்கும் அட்டவணை இது. முதல் பரிசோதனை, அனுமதித்த 24 மணி நேரத்துக்குள். இதன் நோக்கம் முன்பே இருந்த குறைபாடுகளைப் பிடித்துவைப்பது. இரண்டாவது, காய்ச்சலின் 7ஆம் நாளுக்கும் 9ஆம் நாளுக்கும் இடையில். ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, ஆறு வாரங்களின் பின். நீடிக்கிறதா, தேறியதா என்று அறிய. இவற்றுக்கிடையே எந்த நேரத்தில் பார்வைக் குறைபாடு சொன்னாலும் அன்றே பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவது பரிசோதனைக்குரிய நாட்களில்தான் பலருக்குத் துண்டு வெட்டுகிறார்கள். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, சிறுதட்டு ஏறத் தொடங்கியவரை வைத்திருக்கக் கட்டிலும் இருக்காது, அவருக்கும் வீட்டு நினைவு வந்துவிடும். ஆகவே முதற்பரிசோதனையோடு நின்றுவிடும் ஆய்வு "பாதிப்பு மிகக் குறைவு" என்று முடிவு சொல்லும், அது நம்பவும்படும். அந்த முடிவு எவரையும் காப்பாற்றாது. துண்டு வெட்டும் நாள் 7ஆம் நாளோ அதன் பின்போ ஆனால், வீட்டுக்குப் போகுமுன் காலையிலேயே கண்ணைப் பார்த்துவிடுங்கள். முந்தியே போகிறவருக்கு நாள் குறித்துக் கொடுங்கள்.

ஆறாம்படி: கட்டிலருகே பரிசோதனை

திரவக் கசிவுக் கட்டத்தில் இருப்பவரைக் கண் கிளினிக்குக்கு நடத்திச் செல்லக் கூடாது. எழுந்து நின்றாலே குருதியமுக்கம் சரியக்கூடும். கருவிகள் அவரிடம் போகட்டும்.

பார்வைக் கூர்மையில் தொடங்குங்கள். 6 மீற்றர் நீளம் விடுதியில் கிடைப்பது அரிது. 3 மீற்றருக்கென அமைந்த அட்டையை வாங்குங்கள். நிலத்தில் ஒரு பட்டி ஒட்டித் தூரத்தை நிலையாக்குங்கள், சன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். எழுத்து வாசிக்காதவர்களுக்கு, திசை காட்டும் ஈ வடிவ அட்டை. பலர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். கண்ணாடி இல்லாததால் வந்த மங்கலை டெங்குவின் கணக்கில் போடாமலிருக்க ஊசித்துளை அட்டை கட்டாயம். துளை வழியாகப் பார்க்கும்போது தெளிவானால் அது பெரும்பாலும் கண்ணாடிக் குறைபாடு. தெளியாவிட்டால் உள்ளே தேட வேண்டும்.

அடுத்தது அம்ஸ்லர் கட்டம். நடுவில் புள்ளியிட்ட, சிறு சதுரங்கள் கொண்ட ஒரு தாள். வாசிப்புக் கண்ணாடி அணிபவர் அதை அணிந்துகொண்டு, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். கோடுகள் வளைகின்றனவா, எங்காவது அழிந்திருக்கின்றனவா? நோயாளியே பென்சிலால் அந்த இடத்தைத் தாளில் வரையட்டும். சில ரூபாவில் அச்சடிக்கும் இந்தத் தாள், மஞ்சட்புள்ளிப் பாதிப்பைத் தேடுவதில் தரும் உதவி பெரியது. இரண்டு கண்களையும் ஒருசேரத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாமற்போகும். தனித்தனியாகப் பார்க்க வைப்பதில் எந்தத் தளர்வும் கூடாது.

பிறகு கண்மணிகளின் ஒளித்துலங்கல். இருட்டில் டோர்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றிமாற்றிக் காட்டும்போது, வெளிச்சம் பட்டும் ஒரு கண்மணி விரிந்தால் பார்வை நரம்பு அல்லது விழித்திரை பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். சொட்டுமருந்து விடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பின்பு செய்ய முடியாது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் இரத்தத் திட்டு உண்டா என்பதையும் இமைகளை விலக்கி எல்லாத் திசையிலும் பாருங்கள்.

விழித்திரையைப் பார்க்க 1 வீத ட்ரோபிகமைட் சொட்டுமருந்து போதும். 20 முதல் 30 நிமிடத்தில் கண்மணி விரியும். ஃபினைலெஃப்ரின் குருதியமுக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் இந்த நோயாளிகளில் தவிர்ப்பது நல்லது. சொட்டுமருந்து விட்ட நேரத்தையும் கண்ணையும் நோயாளியின் டிக்கெட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இரவில் நோயாளி மயங்கினால், விரிந்த கண்மணிகளைக் கண்ட வைத்தியர் மூளையில் இரத்தக் கசிவோ என்று கலங்கக்கூடும். நினைவு தடுமாறியவருக்கோ, மூளைப் பாதிப்புச் சந்தேகம் உள்ளவருக்கோ சொட்டுமருந்தே வேண்டாம். முன்னறை ஒடுங்கிய கண்களிலும் கவனம் தேவை. டெங்குவிலேயே கண்ணமுக்கம் திடீரென ஏறிய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

சிறுதட்டு தாழ்ந்திருக்கும்போது கண்ணை அழுத்திப் பார்க்கும் எந்தப் பரிசோதனையும் கூடாது. கண்ணைச் சுற்றி ஊசியும் கூடாது. தலைவலிக்கும் கண்ணின் பின்புற நோவுக்கும் அஸ்பிரின், இப்யூபுரொஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை டெங்குவில் ஆபத்தானவை என்பதை ஆய்வுக்குழுவில் உள்ள மாணவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

கையடக்க விழித்திரைக் கமெரா இருந்தால் படம் எடுங்கள். பின்னர் இரண்டாவது நிபுணர் நோயாளியின் சிறுதட்டு எண்ணிக்கை தெரியாமலே அப்படங்களைத் தரப்படுத்தலாம். இருவரின் தீர்ப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கணித்து வெளியிடுங்கள். கமெரா இல்லாவிட்டால் கண் வைத்திய நிபுணரின் நேரடிப் பரிசோதனையும் கைவரைபடமும் போதும். விழித்திரையின் அடுக்குகளைப் படமாக்கும் ஓசீடீ ஸ்கான் கிடைக்குமிடத்தில், பாதிப்புக் கண்டவர்களை மட்டும் உடல் தேறியபின் அனுப்பலாம்.

டெங்கு தொடுவதால் தொற்றாது. ஆனால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரே ஸ்லிட் லாம்பில் நாடி வைக்கும் கண்நோய்க்காரரின் அடினோ வைரசு தொற்றும். மேற்பரப்புகளில் அது வாரக்கணக்கில் தங்கவும் வல்லது. சொட்டுமருந்துப் போத்தலின் நுனி எந்த இமையிலும் படக்கூடாது; ஒவ்வொருவருக்குப் பின்னும் கருவியைத் துடையுங்கள். இதே திட்டத்தைக் கொவிட், இன்ஃபுளுவன்சா நோயாளிகளுக்கு விரிவாக்கினால் முகக்கவசமும் ஸ்லிட் லாம்பின் மூச்சுத்தடுப்பும் அவசியம். 2020 பெப்ரவரியில் கொவிட்டால் உயிரிழந்த வூஹான் வைத்தியர் லீ வென்லியாங் ஒரு கண் வைத்தியர். கண்ணமுக்க நோய்க்கு வந்த நோயாளி ஒருவரிடமிருந்தே அவருக்குத் தொற்றியது.

ஏழாம்படி: வீட்டுக்குப் போனவரைத் திரும்ப அழைப்பது

புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒருவர் மறுபரிசோதனைக்கு நகருக்கு வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு இருக்கிறது, துணைக்கு ஒருவரும் வர வேண்டும். கடலுக்குப் போகிறவர் வானிலை நல்ல நாளை வைத்தியசாலையில் கழிக்கமாட்டார். இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எண்ணுபவர் இந்த மாவட்டத்தில் ஆய்வு செய்ய முயலாமலிருப்பதே நல்லது. போக்குவரத்துச் செலவைத் திட்டத்திலேயே எழுதி, நெறியியல் குழுவிடம் அனுமதி பெற்றுக் கையில் கொடுங்கள். குருதிப் பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளையே கண் பரிசோதனைக்கும் வையுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் தள வைத்தியசாலைகளின் ஒத்துழைப்போடு வாரத்தில் ஒரு நாள் குழுவே அங்கே போனால், வருவோர் தொகை கூடும்.

துண்டோடு ஓர் அம்ஸ்லர் தாளையும் கொடுத்தனுப்புங்கள். பின்புறத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்: "இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு காலையும், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ உடனே வாருங்கள்." நோயாளியின் இலக்கத்தோடு வீட்டில் உள்ள இன்னொருவரின் கைத்தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்கு முதல்நாள் மாலை அழைத்து நினைவூட்டுங்கள். வர முடியாதவரிடம் தொலைபேசியிலேயே சில கேள்விகள் கேட்டுப் பதியலாம். அது பரிசோதனைக்கு ஈடாகாது, எனினும் வெற்றிடத்தைவிட மேல்.

திரும்பி வராதோர் ஏன் இவ்வளவு முக்கியம்? 164 பேரில் 100 பேர் மட்டும் வந்து, அவர்களில் 10 பேருக்குப் பாதிப்பு இருந்ததாக வையுங்கள். வராத 64 பேரில் ஒருவருக்கும் இல்லையென்றால் உண்மை வீதம் 6. அத்தனை பேருக்கும் இருந்தால் 45. இந்த அகலத்துக்குள் எங்கே நிற்கிறோம் என்று எந்தப் புள்ளிவிவர மென்பொருளாலும் சொல்ல முடியாது.

எட்டாம்படி: தரவைப் பேணுதல், பகுத்தல்

படிவத்தில் பெயர் வேண்டாம். ஆய்வு இலக்கம் மட்டும். பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் வேறு அலுமாரியில், பூட்டில் இருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோய்த்தகவலைத் தனிக்கவனம் தேவைப்படும் தரவாகக் கருதுகிறது. நோயாளியின் கண் படத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் பழக்கம் இந்த ஆய்வுக்குள் வரக்கூடாது.

பகுப்பாய்வில் அடிக்கடி நிகழும் பிழை, கண்களை எண்ணுவது. 150 பேரைப் பார்த்துவிட்டு "300 கண்கள் ஆராயப்பட்டன" என்று எழுதினால் ஆய்வு இரு மடங்கு பெரிதாகத் தோன்றும். ஒரே உடலின் இரண்டு கண்கள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஒன்றில் பாதிப்பு இருந்தால் மற்றதிலும் இருக்கும் வாய்ப்பு அதிகம். நோயாளியையே அலகாகக் கொள்ளுங்கள்.

வீதத்தைத் தனியே சொல்லாமல், உண்மை வீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக எல்லையோடு சொல்லுங்கள். 150 பேரில் 12 பேருக்குப் பாதிப்பு என்றால் 8 வீதம். 95 வீத நம்பக எல்லை ஏறத்தாழ 4.6 முதல் 13.5 வரை. ஒருவருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 150 பேரில் பூச்சியம் என்றால், உண்மை வீதம் 2க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மூன்றை ஆள்தொகையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும். அந்தப் பருவத்தின் வைரசு வகையோடு சேர்த்து வெளியிட்டால் அதுவும் பெறுமதியான அறிவு.

12 பேரை வைத்துக்கொண்டு வயது, பால், சிறுதட்டு, ஈரல் நொதியங்கள் என எட்டுக் காரணிகளைப் பல்மாறிச் சமன்பாட்டில் போடாதீர்கள். எளிய அட்டவணையும் வரைபடமும் போதும். சிறுதட்டு தாழ்ந்தவர்களிடம் பாதிப்புக் கூடுதலாகக் காணப்பட்டால் "தொடர்பு காணப்பட்டது" என்று எழுதுங்கள். "காரணம்" என்று எழுத உங்களிடம் ஆதாரம் இராது. நோயின் கடுமை இரண்டையும் ஒருசேர உண்டாக்கியிருக்கலாம்.

ஒன்பதாம்படி: எழுதுதல், ஒப்படைத்தல்

அவதானிப்பு ஆய்வுகளை எழுதுவதற்கு ஸ்ட்ரோப் என்ற 22 அம்ச அட்டவணை உலகெங்கும் பயன்படுகிறது. கடைசியில் அல்ல, திட்டம் எழுதும்போதே அதைப் பக்கத்தில் வைத்திருங்கள். விடுபட்டவை அப்போதுதான் திருத்தப்படும். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் போன்ற நம் நாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினால் நம் வைத்தியர்களின் கண்ணில் முதலில் படும்.

அதற்கு முன்பே முடிவை விடுதிக்குக் கொண்டுபோங்கள். படிவம் நிரப்பிய தாதியருக்கும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் போதும். வீடு வீடாகப் போய் நுளம்பு பெருகும் இடங்களைத் தேடும் பரிசோதகருக்கு, "காய்ச்சல் விட்டவரிடம் பார்வையைப் பற்றியும் கேளுங்கள்" என்று சொல்ல இந்த ஆய்வு ஒரு காரணம் கொடுக்கும். பாதிப்புக் கண்ட நோயாளி ஒவ்வொருவருக்கும் அவரது சொந்த முடிவை எழுத்தில் கொடுத்து, கண் கிளினிக் நாளையும் குறித்துவிடுங்கள்.

படிவம், நாட்கணக்கு வரையறை, பார்வை அட்டைக்கான தூரம், படங்களைத் தரப்படுத்திய விதிகள் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாக்கிக் கண் பிரிவிலும் மருத்துவ விடுதியிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். அடுத்த பருவத்தில் வேறொரு வகை வைரசு வந்தால், அப்போது அங்கே பணிபுரியும் வைத்தியர் அதே நாளில், அதே முறையில் பார்த்தால்தான் இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைக்க முடியும்.